கைரேகையும் கையெழுத்தும்

சோனிலிவ்வில் 'ஃப்ரீடம் அட் மிட்நைட்' தொடர் பார்த்தேன். லாப்பியேரும் காலின்ஸும் எழுதிய மூலநூலை, பள்ளியில் கற்ற பிரெஞ்சு கைகொடுக்க, அம்மொழியிலேயே முன்பு வாசித்தவன் நான். மவுண்ட்பேட்டன், நேரு, ஜின்னா எல்லோரும் வருகிறார்கள். கம்பம் பள்ளத்தாக்குதான் வரவில்லை.

நம் பக்கம் வெள்ளைக்காரன் ஆட்சி என்றாலே ரேகைச் சட்டம்தான். பதிவான பிரமலைக் கள்ளர் ஆண்கள் இரவில் காவல் நிலையத்தில் படுக்க வேண்டும். எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு. சென்னை மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது 1947இல்.

தேனியில் நான் குமாஸ்தாவாக இருந்தபோது, முதியோர் பென்ஷனுக்கு வந்த ஒரு பெரியவரிடம் மைப்பெட்டியை நீட்டினேன். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். "வேணாம் தம்பி, கையெழுத்தே போடுறேன்" என்று எழுத்துக்கூட்டிப் போட்டார்.

டெல்லியில் கொடி மாறியதை எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கட்டும். அந்தக் கையெழுத்தையும் யாராவது எடுக்க வேண்டும்.