சோப்புக்கட்டியும் பீரங்கியும்

கோடை விடுமுறைக்கு நம் இல்லம் வந்திருந்த பேரன் ஓரிரவு தொலைக்காட்சியில் போர்ப்படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த அறையில் செபமாலை சொல்ல அமர்ந்த நமக்கு, பீரங்கி முழக்கத்தில் எத்தனையாவது மணியில் இருக்கிறோம் என்பதே மறந்துபோயிற்று. இறுதியில் நாமும் எழுந்து சென்று அவனருகே அமர்ந்தோம். சிறிது நேரம் சென்றதும் அவன் கேட்டான்: "தாத்தா, இதுல நல்லவங்க யாரு?" படத்தின் நடுவில் வந்தமர்ந்த நாம் கேட்க வேண்டிய கேள்வி அது. தொடக்கமுதல் பார்த்தவனுக்கே விளங்கவில்லை! "தலைக்கவசத்தைப் பார்த்துக் கண்டுகொள்" என்று ஏதோ சொல்லிச் சமாளித்தோம். படுக்கைக்குச் சென்ற பின்னர் அந்த விடை நமக்கே உறுத்திற்று.

இளமையில் நாமும் தலைக்கவசத்தைப் பார்த்துத்தான் கைதட்டினோம். 1961-இல் வெளிவந்த 'தி கன்ஸ் ஆஃப் நவரோன்' படத்தைக் கண்டு திரும்பிய இரவில் நமக்கு உறக்கம் வரவில்லை. கிரேக்கத் தீவொன்றின் செங்குத்துப் பாறையில் புயலுக்கிடையே ஏறி, குகைக்குள் இருந்த இரு பெரும் பீரங்கிகளைத் தகர்த்த வீரரோடு நாமும் ஏறினோம். இன்று அந்தப் பாறை நினைவில் நிற்கிறது. மடிந்த ஜெர்மானியருள் ஒருவர் முகம்கூட நினைவில் இல்லை. அவ்வகைப் படங்களைப் பழிப்பது நம் நோக்கமன்று; ஒரு மாலைப் பொழுதுக்கு அவை போதும். ஆயினும் வேறு சில போர்ப்படங்கள் பல்லாண்டு கடந்தும் நம்மை விட்டு அகலாமல் இருக்கின்றன. அவற்றில் நம் மனத்தில் தங்கியவை எவை என்று எண்ணிப் பார்த்தால், ஒரு சோடி பூட்ஸ், ஒரு மவுத் ஆர்கன், இரண்டு கட்டிச் சோப்பு என்று சிறு பொருள்களாகவே வந்து நிற்கின்றன.

பூட்ஸ் வருவது 1930-இல் லூயிஸ் மைல்ஸ்டோன் இயக்கிய 'ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃபிரண்ட்' படத்தில். முதல் உலகப்போர் முடிந்து பன்னிரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த நிலையில், பகைநாடாய் இருந்த ஜெர்மனியின் பள்ளி மாணவரைக் கதைத்தலைவராக்கி அமெரிக்கர் எடுத்த படம் இது. ஆசிரியரின் வீராவேசப் பேச்சில் மயங்கி ஒரு வகுப்பே படையில் சேர்கிறது. கால் துண்டிக்கப்பட்டுச் சாகும் தறுவாயில் கிடக்கிறான் ஒருவன். அவனுடைய உயர்ந்தவகைத் தோல் பூட்ஸ் அடுத்தவனுக்குப் போகிறது. அவன் மடிந்ததும் இன்னொருவனுக்கு. பூட்ஸ் மட்டும் தேயாமல் நடந்துகொண்டே இருக்கிறது.

அதே படத்தில், குண்டு விழுந்த பள்ளத்தில் தன்னால் குத்துண்ட பிரெஞ்சு வீரனோடு இரவு முழுவதும் அகப்பட்டுக்கொள்கிறான் பால் என்னும் இளைஞன். அவனுக்குத் தண்ணீர் புகட்டுகிறான். இறந்த பின் மன்னிப்புக் கேட்டு அழுகிறான். அந்தப் பிரெஞ்சு வீரனுக்குப் பேச ஒரு சொல்லும் இல்லை. அதில் நடித்த ரேமண்ட் கிரிஃபித் ஊமைப்படக் காலத்தில் பெயர்பெற்ற நகைச்சுவை நடிகர். குரல் கெட்டிருந்தமையால் பேசும் படங்களில் இடம் இழந்தவர். சொல்லின்றி விழித்த விழியாய்க் கிடக்கும் அந்த முகத்தை ஒருமுறை கண்டவர் எளிதில் மறவார். 1930 டிசம்பரில் பெர்லினில் இப்படம் திரையிடப்பட்டபோது கோயபல்ஸின் ஆட்கள் கொட்டகைக்குள் வெள்ளெலிகளையும் நாற்றக் குண்டுகளையும் விட்டுக் காட்சியைக் கலைத்தனர். சில நாள்களில் படம் தடை செய்யப்பட்டது. 2022-இல் ஜெர்மானியரே இக்கதையை மீண்டும் படமாக்கினர். இறந்தவன் சீருடையைத் துவைத்து, ஓட்டையைத் தைத்து, புதிதாய்ச் சேர்ந்தவனுக்குக் கொடுக்கின்றனர். அதில் பழையவன் பெயர்ச்சீட்டு கிழிக்கப்படாமல் இருக்கிறது. அந்த ஒரு காட்சிக்காக அதையும் பார்க்கலாம். எஞ்சியவற்றில் சேறும் குருதியும் சற்று மிகுதி.

மவுத் ஆர்கன் வருவது, 'மாபெரும் மாயை' என்று பொருள்படும் பெயரில் 1937-இல் ழான் ரெனுவார் எடுத்த பிரெஞ்சுப் படத்தில். ரெனுவார் முதல் உலகப்போரில் விமானியாகப் பணியாற்றியவர். அப்படியிருந்தும் அவர் படத்தில் ஒரு போர்க்களக் காட்சிகூட இல்லை. பெரும்பாலானவை ஜெர்மானியரின் கைதிமுகாம்களிலேயே நிகழ்கின்றன. தனிச்சிறையில் அடைபட்டு, மனம் பேதலித்துக் கத்தும் பிரெஞ்சுக் கைதியிடம் முதிய ஜெர்மன் காவலர் ஒருவர் வருகிறார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. சிகரெட்டு தருகிறார், பின்னர்த் தம் மவுத் ஆர்கனை அங்கேயே விட்டுவிட்டு வெளியேறி, கதவுக்கப்பால் நின்று கேட்கிறார். உள்ளே இசை எழுந்த பிறகே அவர் நகர்கிறார்.

தப்பியோடும் இருவருக்கு ஜெர்மன் விதவை ஒருத்தி தன் பண்ணைவீட்டில் அடைக்கலம் தருகிறாள். கணவனையும் உடன்பிறந்தாரையும் பறிகொடுத்தவள் அவள். அவர்கள் மடிந்த இடங்களை வரிசையாகச் சொல்லி, இவையெல்லாம் நம் பெரும் வெற்றிகள் என்கிறாள். இப்போது இந்த உணவு மேசைதான் மிகப் பெரிதாகிவிட்டது என்றும் சொல்கிறாள். கிறிஸ்து பிறப்பு இரவில் அவளுடைய சிறு மகளுக்காக அவ்விருவரும் குடில் அமைத்துக் கொடுக்கின்றனர். அவருள் ஒருவர் யூதர் என்பதை இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் நாம் ஊன்றிக் கவனித்தோம். திரைப்படக் கலையின் நூற்றாண்டையொட்டி 1995-இல் வத்திக்கான் வெளியிட்ட 45 படங்கள் கொண்ட பட்டியலில் இதுவும் இடம்பெற்றது.

இனிச் சோப்பு. 1959-இல் கிரிகோரி சுக்ராய் என்னும் ருஷ்ய இயக்குநர் எடுத்தது 'பேலட் ஆஃப் எ சோல்ஜர்'. அவரும் போர்முனையில் நின்று காயம்பட்டவரே. அல்யோஷா என்னும் பத்தொன்பது வயதுப் பையன், அச்சத்தினாலேயே சுட்டு, இரண்டு டாங்கிகளை வீழ்த்திவிடுகிறான். பதக்கம் தர முன்வரும் தளபதியிடம், பதக்கம் வேண்டாம், அம்மாவைப் பார்த்துவர வேண்டும், வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்கிறான். ஆறு நாள் விடுப்புக் கிடைக்கிறது: போக இரண்டு, கூரையைச் செப்பனிட இரண்டு, திரும்ப இரண்டு. வழியில் எதிர்ப்பட்ட வீரன் ஒருவன், தன் மனைவிக்கு ஏதேனும் கொண்டுசெல்ல வேண்டுகிறான். அவன் குழுவிடம் இருந்த சோப்பு மொத்தமே இரண்டு கட்டிகள். முகம் சுளித்துக்கொண்டே எல்லாரும் அதனைக் கொடுத்துவிடுகின்றனர்.

அந்த மனைவியோ வேறொருவனோடு வாழ்கிறாள். சோப்பைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கியவன் மீண்டும் ஏறிச் சென்று அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறான். குண்டு வீச்சில் வீடிழந்தோர் தங்கியிருக்கும் கூடத்தில் அவ்வீரனின் நோயாளித் தந்தையைத் தேடிக் கண்டுபிடித்து அவரிடம் கொடுக்கிறான். மகனைப் பற்றி அவர் கேட்கும்போது, அறியாத ஒருவனைப் பற்றி எத்துணைப் புகழ்ச்சி! அத்தனையும் பொய். திருச்சபையின் ஞானோபதேசம் கற்ற நமக்கு அந்தப் பொய்யைக் கண்டிக்க மனம் வரவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

இவ்வாறு ஒவ்வொருவருக்காகவும் நின்று நின்று, பையனின் நாள்கள் கரைந்துவிடுகின்றன. ஊர் வந்து சேரும்போது எஞ்சியவை சில நிமிடங்களே. வயற்காட்டினூடே தாய் ஓடி வருகிறாள். இருவரும் கட்டிக்கொண்டு நிற்கின்றனர்; சவரம் செய்கிறாயா என்பது போன்ற கேள்விகளைத் தவிர அவளுக்கு வேறொன்றும் வாயில் வரவில்லை. அவன் போய்விடுகிறான். கூரை ஒழுகியபடியே இருக்கும். அவன் திரும்பமாட்டான் என்பது படத்தின் தொடக்கத்திலேயே நமக்குச் சொல்லப்பட்டுவிட்டது. தெரிந்தும், அந்த லாரி புறப்படும்போது நம் வீட்டில் ஒருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்தைப் பற்றி இங்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. 1957-இல் டேவிட் லீன் எடுத்து, ஏழு ஆஸ்கார் விருதுகள் பெற்ற படம். இலங்கையின் கித்துல்கலவில் பாலம் அமைத்துப் படம்பிடித்தனர். கடமையையும் கட்டுப்பாட்டையும் பெரிதென மதித்து, அந்தப் பெருமிதத்தாலேயே பகைவனுக்கு நல்ல பாலத்தைக் கட்டிக்கொடுத்துவிடும் கர்னலாக அலெக் கின்னஸ் நடித்திருப்பது ஒப்பற்றது. அதில் குறையில்லை. ஆனால் சயாம்-பர்மா இரயில் பாதையை வெள்ளைக்காரக் கைதிகள் மட்டுமா அமைத்தார்கள்? 1942-43-இல் ஜப்பானியர் அமைத்த அந்த 415 கிலோமீட்டர் பாதையில் உழைத்த நேச நாட்டுக் கைதிகள் 60,000-க்கு மேல். அவருள் மாண்டோர் சுமார் 12,000. மலாயா, பர்மா, ஜாவா முதலிய இடங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆசியத் தொழிலாளரோ சுமார் 2 இலட்சம் என்பர். மாண்டோர் 75,000-க்குக் குறையார் என்பது பலரின் கணிப்பு. இவருள் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர் பல்லாயிரவர். காலராவிலும் பசியிலும் காட்டோரத்தில் விழுந்த அம்மக்களில் ஒருவரையும் அந்தப் படத்தில் நாம் காணவில்லை. அவர்கள் கதையை ஆர். சண்முகம் என்னும் மலேசியத் தமிழ் எழுத்தாளர் 'சயாம் மரண ரயில்' என்ற நாவலாக எழுதியிருக்கிறார். படத்தைப் பார்ப்போர் அதையும் தேடிப் படிக்குமாறு வேண்டுகிறோம்.

மீண்டும் நம் பேரனிடம் வருவோம். விடுமுறை முடிவதற்கு இரண்டு நாள் முன்னதாக அவனுக்கு நாமே ஒரு படத்தைத் தேர்ந்து காட்டினோம். லூயி மால் 1987-இல் எடுத்த பிரெஞ்சுப் படம் அது. 'போய் வருகிறேன், பிள்ளைகளே' என்பது பெயரின் பொருள். வத்திக்கான் பட்டியலில் இதுவும் உண்டு. பாரிசுக்குத் தெற்கே ஆவோன் என்னும் ஊரில் கார்மேல் சபையினர் நடத்திய உறைவிடப்பள்ளியில், 1944 ஜனவரியில் தம் கண்ணெதிரே நிகழ்ந்ததை இயக்குநர் படமாக்கியிருக்கிறார். அப்போது அவருக்கு வயது 11. படமெடுக்கும் துணிவு வரும்போது ஐம்பதைக் கடந்துவிட்டார்.

பள்ளித்தலைவராகிய குரு, யூதச் சிறுவர் மூவருக்குப் பெயர் மாற்றி மாணவரோடு மாணவராக மறைத்து வைத்திருக்கிறார். படத்தில் பொன்னே என்ற பெயரோடு இருக்கும் சிறுவனுக்கும் ழூலியன் என்பவனுக்கும் பிணக்கில் தொடங்கிய நட்பு வளர்கிறது. திருப்பலியில் பொன்னேயும் மற்றவரோடு நற்கருணை வாங்க முழந்தாளிடுகிறான். குருவோ அவனை உணர்ந்து கையைத் திருப்பிக்கொண்டு அடுத்தவனிடம் செல்கிறார். காட்டில் வழி தவறிய இரு சிறுவரையும் ஜெர்மன் வீரரே போர்வை போர்த்திப் பள்ளியில் கொண்டுவந்து சேர்க்கின்றனர். பவேரியர் கத்தோலிக்கர் என்று அவர்களில் ஒருவன் சொல்லிக்கொள்வதும் உண்டு.

காட்டிக்கொடுப்பவன் யார்? சமையற்கட்டில் வேலை செய்யும், கால் ஊனமுற்ற ஜோசப் என்னும் ஏழைப் பையன். மாணவர் தம் வீட்டிலிருந்து வந்த பண்டங்களை அவனிடம் கொடுத்துக் கள்ளச்சந்தைப் பொருள்களை வாங்கிவந்தனர். குட்டு வெளிப்பட்டதும் செல்வர் வீட்டு மாணவருக்குச் சிறு தண்டனை. போக்கிடமில்லாத ஜோசப்புக்கு வேலை நீக்கம். தாம் செய்வது அநீதி என்று குருவே ஒப்புக்கொள்கிறார். அதே குரு, செல்வப் பெற்றோர் முன்னிலையில் செல்வத்தைக் கண்டித்து மறையுரை ஆற்றியவர்! அவன் நேரே ஜெர்மானியரிடம் போகிறான்.

வகுப்புக்குள் வந்த கெஸ்டபோ அதிகாரி யூதச் சிறுவன் எவன் என்று கேட்கிறான். அவன் முதுகைத் திருப்பிய நொடியில் ழூலியன் தன்னையறியாமல் நண்பன் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிடுகிறான். அதிகாரி அதைக் கண்டுவிடுகிறான். பொன்னே அமைதியாய்த் தன் பொருள்களை ஒழுங்குபடுத்திவிட்டு, அருகிலிருந்தோருக்குக் கைகொடுத்துவிட்டுச் செல்கிறான். உண்மையில் அம்மூன்று சிறுவரும் அவுஷ்விட்சில் கொல்லப்பட்டனர். அவர்களை மறைத்துவைத்த ஜாக் அடிகளார் மவுத்தவுசன் முகாமில் வாடி, விடுதலை பெற்ற சில வாரங்களில், 1945 ஜூனில் லின்ஸ் நகரில் உயிர்நீத்தார்.

படம் முடிந்து விளக்கைப் போட்டோம். இம்முறை நல்லவர் யார் என்று பேரன் கேட்கவில்லை. நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, "தாத்தா, ஃபாதர் அந்த ஜோசப்பை வெளியே அனுப்பாம இருந்திருந்தா?" என்றான். நேரமாகிவிட்டது, படுத்துக்கொள் என்றோம். மறுநாள் காலைத் திருப்பலிக்கு நடந்து செல்லும் வழியில் மறுபடியும் அதையே கேட்டான்.