துணுக்காய் காட்டுக்குள் முளைத்த ஊரல்ல

“துணுக்காயா? காட்டுக்குள் கிடந்த இடம். குடியேற்றம் வந்த பிறகுதான் ஊரானது. நகரமென்று சொல்ல அங்கே என்ன இருக்கிறது?” முல்லைத்தீவு மாவட்டத்துத் துணுக்காயைப் பற்றிய இந்தக் கதை யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் பழகிப்போன ஒன்று. வெறும் கதையென்றால் விட்டுவிடலாம். வளங்களைப் பங்கிடும்போதும் இதே எண்ணந்தான் குறுக்கே நிற்கிறது. ஆகவே ஒவ்வொன்றாய் மறுக்க வேண்டியிருக்கிறது.

முதலாவது, “எப்போதும் காடு” என்பது. அயலிலே பாலியாற்றை மறித்து நிற்கும் வவுனிக்குளம் பழங்காலத்துக் குளம். ஆங்கிலேயர் காலப் பாசனப் பொறியியலாளர் ஹென்றி பார்க்கர், பண்டைய இலங்கை பற்றி 1909இல் வெளியிட்ட நூலில் இக்குளத்தையும் ஆராய்ந்திருக்கிறார். இத்தனை பெரிய கட்டை ஆளில்லாத காட்டில் யார் போட்டிருப்பார்கள்? குளம் இருந்தால் கமம் இருந்தது. கமம் இருந்தால் ஊர் இருந்தது. கட்டு உடைந்த பிறகே காடு ஏறியது.

இரண்டாவது, “வந்தேறியவர்கள், வேரில்லாதவர்கள்” என்பது. 1950களில் குளம் திருத்தப்பட்டபோது காணி பெற்று வந்தவர்கள் பலர் என்பது உண்மை. காடு வெட்டி, பாம்புக்கும் யானைக்கும் மலேரியாவுக்கும் ஈடுகொடுத்து நிலத்தைப் பண்படுத்தியவர்களுக்கு வேறெந்த உறுதி வேண்டும்? 2008இல் போர் நெருங்கியபோது ஊரே இடம்பெயர்ந்தது. 2009இன் கடைசியில், இடம்பெயர்ந்தோரை அடைத்துவைத்திருந்த முகாம்களின் கதவு திறந்ததும், கூரையில்லாத வளவுகளுக்கே சனம் திரும்பி வந்தது. வேரில்லாதவர்கள் அப்படித் திரும்புவதில்லை.

மூன்றாவது, “நகரசபை இல்லை, ஆகவே பொதுவாழ்வு இல்லை” என்பது. முல்லைத்தீவு மாவட்டத்தில் எங்குமே நகரசபை இல்லை; இருப்பவை நான்கு பிரதேச சபைகள். அவற்றில் ஒன்று துணுக்காயினுடையது. பிரதேச செயலகமும் கல்வி வலயமும் அதன் பெயரிலேயே இயங்குகின்றன. அலுவலகங்களை விடுங்கள், விதைப்புக்கு முன் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தைப் பாருங்கள். கமக்காரர் ஒருபக்கம், நீர்ப்பாசன அலுவலர்கள் மறுபக்கம். துருசு திறக்கும் திகதி, வாய்க்கால் துப்பரவாக்க வேண்டிய நாள், மாடுகளைக் கட்டவேண்டிய நாள், சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என எல்லாம் வாதாடித்தான் முடிவாகும். கடைவாய்க்கால்காரர் எழுந்து, “போன போகம் எங்களுக்குத் தண்ணி வரேல்லை” என்றால், தலைவாய்க்கால்காரர் பதில் சொல்லியே ஆகவேண்டும். குடிமை வாழ்வு என்பது இதுதான்.

நான்காவது, “ஒதுக்குப்புறம்” என்பது. ஏ-9 வீதியையும் ஏ-32 வீதியையும் இணைக்கும் மாங்குளம் – வெள்ளாங்குளம் வீதியில் இருக்கிறது துணுக்காய். 1996இல் கிளிநொச்சி நகரம் இடம்பெயர்ந்தபோது அந்தச் சனத்துக்கு இடங்கொடுத்த பகுதிகளில் துணுக்காயும் அயலூரான மல்லாவியும் அடங்கும். நகரங்கள் விழுந்தபோது தாங்கிய மண்ணை ஒதுக்குப்புறமென்பது நன்றிகெட்ட பேச்சு.

குறைகள் இல்லையென்று சொல்லவில்லை. பேருந்து போதாது, படித்த பிள்ளைகளுக்கு வேலையில்லை. இவை புறக்கணிப்பின் விளைவுகள். ஊரின் இயல்பு அல்ல.

நாடெங்கும் போல, துணுக்காய்ப் பிரதேச சபையும் 2023 மார்ச் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிவான உறுப்பினர்கள் இன்றி நடந்தது. 2025 மே மாதத் தேர்தலுக்குப் பின் மீண்டும் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். துணுக்காய் மக்களே, குளக்கூட்டத்தில் கேட்பதுபோலவே சபையிலும் கணக்குக் கேளுங்கள். அந்த உரிமையும் பழக்கமும் உங்களுக்குப் புதியவை அல்ல.