டேலி பார்த்தியா மாப்ளே?

பொங்கலுக்குக் கங்கைகொண்டான் வந்திருந்தான் மாமா மகன். சூரியனைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற பையன். (சித்திரை மாசம் எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் பத்து நிமிஷம் நின்றால் சூரியனைப் பற்றித் தெரியாதா? இதற்கு எதற்கு ஆராய்ச்சி என்று கேட்காதீர்கள். நானும் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.)

ராத்திரி திண்ணையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடிக்கொண்டே இருந்தது. மவுஸையே தொடவில்லை.

"என்னலே இது?"

"சூரியன் படமெல்லாம் ஒரு சர்வர்ல இருந்து இன்னொரு சர்வருக்கு மாத்துதேன் அத்தான். முப்பதாயிரம் படம்."

"மெயில்ல அனுப்பிர வேண்டியதுதானே?"

அவன் பார்த்த பார்வையில் என் பி.காம். பட்டம் கருகிவிட்டது.

கணக்கைக் கேளுங்கள். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல், மேகம் மறைக்காத நாளெல்லாம் சூரியனைப் படம் பிடித்து வருகிறார்கள். அந்தப் பழைய கண்ணாடித் தகடுகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றியபோது ஒரு படத்துக்கு அகலம் 4,096 புள்ளி, உயரம் 4,096 புள்ளி. புள்ளிக்கு 2 பைட். ஆக ஒரு படம் 33 எம்.பி.க்கு மேல். அந்த அளவில் முப்பதாயிரம் படம் என்றால் ஒரு டெராபைட். நொடிக்கு 10 மெகாபிட் லைனில் ராப்பகலாக அனுப்பினாலும் ஒன்பது நாள் தாண்டும். அதே படங்களை ஹார்ட் டிஸ்க்கில் போட்டு பஸ் ஏறினால் கொடைக்கானலிலிருந்து பெங்களூருக்கு ஒரே ராத்திரி!

சிரிக்காதீர்கள். 2019 ஏப்ரல் 10-ல் கருந்துளையின் முதல் படம் வெளியானதே, அதற்கான தகவல் போனதும் இப்படித்தான். அரை டன் ஹார்ட் டிஸ்க்குகள் விமானத்தில் பயணம் செய்தன. தென் துருவத்தில் 2017 ஏப்ரலில் பதிவான டிஸ்க்குகள், அங்கே குளிர்காலம் முடிந்து விமானம் வரும்வரை மாசக்கணக்கில் காத்துக் கிடந்தன.

பஸ் ஏற முடியாதவர்களுக்கு 'ஆர்சிங்க்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கரஸ் என்ற இருவர் 1996-ல் எழுதியது. கெட்டிக்கார மளிகைக் கடைக்காரர் மாதிரி. இருப்பைப் பார்த்து, குறைகிறதை மட்டும் கொண்டுவரும். நடுவில் லைன் அறுந்தால் மறுபடி கட்டளை கொடுத்தால் போதும், வந்த படங்களை விட்டுவிட்டு மிச்சத்தை எடுக்கும்.

"கரண்ட் போனா?"

"வேலை நடக்கிறது அங்கன உள்ள சர்வர்ல அத்தான். 'டிமக்ஸ்' உள்ளே ஓட விட்டிருக்கேன். லேப்டாப்பை மூடினாலும் அது பாட்டுக்கு ஓடும்."

சொல்லிவிட்டு மூடிவைத்துத் தூங்கப் போனான்.

அஞ்சாறு நாள் ஓடி முடிந்தது. காலையில் காபியோடு வந்தான். "எல்லாம் வந்தாச்சு. பழசை அழிச்சிர வேண்டியதுதான். இடம் வேணும்னு நச்சரிக்காங்க."

"டேலி பார்த்தியா மாப்ளே?"

"ஆர்சிங்க் பார்த்திருக்கும். அளவும் தேதியும் சரியா இருக்கு."

"கட்டுல நூறு நோட்டு இருந்தா, நூறும் நல்ல நோட்டுன்னு அர்த்தமாலே?"

பையன் காபியைக் கீழே வைத்தான். ஒவ்வொரு படத்துக்கும் 'செக்சம்' எடுத்தான். இது ஃபைலின் கைரேகை. ஒரு புள்ளி மாறினாலும் ரேகை மாறிவிடும். இரண்டு சர்வரிலும் எடுத்து ஒப்பிட்டால், மூன்று படம் ஒத்துவரவில்லை! போன மாசம் வேறு வழியில் காப்பி செய்தபோதே உள்ளே கெட்டுப்போனவை. அளவும் தேதியும் சரியாக இருந்ததால் ஆர்சிங்க் தாண்டிப் போய்விட்டது. கட்டளையில் 'செக்சம்' என்ற சொல்லையும் சேர்த்து ஓட்டினான். மூன்றும் சரியாக வந்தன.

முப்பதாயிரத்தில் மூன்றுதானே என்பீர்கள். அந்த மூன்று நாள் சூரியன் மறுபடி உதிக்காதே சார்!

எனக்கு எங்கிருந்து வந்தது இந்த ஞானம்? இரண்டு வருஷம் முன்னால் செல்போன் படங்களை 'கட்' செய்து பென் டிரைவில் ஒட்டினேன். முடிந்ததா என்று பார்க்காமல் பிடுங்கினேன். அப்பாவோடு கொண்டாடிய கடைசித் தீபாவளி. நாற்பத்தேழு படம். பெயரெல்லாம் பத்திரமாக இருக்கிறது. திறந்தால் சாம்பல் கலரில் ஒரு கட்டம். இன்னமும் எப்போதாவது திறந்து பார்க்கிறேன்.

அதனால் 'கட்' வேண்டாம். காப்பி எடுங்கள், டேலி பாருங்கள், அப்புறம் அழியுங்கள்.

"இப்ப அழிக்கலாமா அத்தான்?"

"ஒரு வாரம் கிடக்கட்டும்லே."

உள்ளேயிருந்து குரல் வந்தது: "ஊர்க் கணக்கெல்லாம் டேலி பண்ணியாச்சா? பால்காரர் கணக்கு மூணு மாசமா நிக்குது!"