விடிந்தபின் ஒரு தூக்கம்

நாலு மணிக்கு எழுந்து படித்தவன் ஏழு மணிக்கு மறுபடி படுத்தால், "விடிஞ்சப்புறம் என்னடா தூக்கம்?" என்று அதட்டுகிறோம். (மத்தியானம் ஆத்தங்குடிக் கல்லின் குளுமையில் ஐயாக்கள் உருளுவது மட்டும் கணக்கில் வராது!)

நண்பர்களே, கனவு மிகுந்த உறக்கம் விடியலை ஒட்டித்தான் அதிகம். முழித்திருந்த தெளிவோடு அப்போது கண்ணயர்ந்தால், 'இது கனவு' என்று கனவுக்குள்ளேயே பிடித்துக்கொள்வது சுலபம் என்பது என் கட்சி. வைவாவில் வாயடைத்து நிற்கும் கெட்ட கனவை நடுவிலேயே மாற்றிவிடலாமே!

கட்டுக்கதையல்ல. 1975-இல் இங்கிலாந்தின் ஹல் நகரில், தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் முன்பே பேசிவைத்தபடி கண்களை இடவலமாக அசைத்து, கனவுக்குள்ளிருந்து சைகை காட்டினார். கீத் ஹெர்ன் அதைக் கருவியில் பதிந்தார். அதுவும் ஒரு காலைப்பொழுதில்தான்.

மத்தியானத் தூக்கத்தில் இந்த வாய்ப்புக் குறைவு. ராத்திரித் தூக்கத்தை வெட்டிப் பழகவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடுதி மணியை ஒன்பதுக்குத் தள்ளி வையுங்கள் சார், அவ்வளவுதான் கேட்கிறோம்.