குளிசையில் பழி போட முதல்

கொஞ்சம் நீளமான பதிவு. பெண்களின் விசயம்தானே என்று ஆண்கள் கடந்து போய்விட வேண்டாம், உங்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது.

போன கிழமை இன்டர்வெல் நேரம் ஸ்டாஃப் ரூமில் எங்கள் இளம் டீச்சர் ஒருவர் அழுதுகொண்டிருந்தா. (அவவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். பெயர், ஊர் வேண்டாம்.) கலியாணம் முடித்து மூன்று வருசம். டாக்டர் கொடுத்த லெட்ரோசோல் குளிசை போட்டு இரண்டாம் மாதமே தரித்தது. எட்டாவது கிழமை ஸ்கேனில் துடிப்பு இல்லை. பார்க்க வந்த மாமி சொன்னாவாம், "அந்தக் குளிசையப் போடாத மகள் என்டு நான் அப்பவே சொன்னேன். அதுதான் புள்ளையக் கரைச்சிப் போட்டுது." திரும்பத் தொடங்கலாம் என்று டாக்டர் சொல்லியும், இப்போது குளிசையைத் தொடவே அவ பயப்படுகிறா.

மாமியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நாலு வருசத்துக்கு முதல் எனக்கு ஏழாவது கிழமையில் போனபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். நான் தரம் 11க்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். 46 நிறமூர்த்தங்களை போர்டில் கீறிக் காட்டுகிறவள். ஆனால் அன்றிரவு அந்தக் கடதாசியைத்தான் விரித்துப் பார்த்தேன். குளிசைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருப்பார்களே, அது. மார்பகப் புற்றுநோய்க்கான மருந்து என்று போட்டிருந்தது. கர்ப்பிணிகள் பாவிக்கக் கூடாது என்றும் போட்டிருந்தது. விடியும் வரை எனக்கு நித்திரை இல்லை. என் பிள்ளையை என் கையாலேயே கொன்றுவிட்டேன் என்றுதான் நம்பினேன்.

அந்தக் கடதாசி பொய் சொல்லவில்லை. நான்தான் பாதியை வாசித்தேன். லெட்ரோசோலை மாதவிடாய் தொடங்கிய மூன்றாம் நாள் போல ஆரம்பித்து வழமையாக ஐந்து நாள் தருவார்கள். முட்டை வெளியே வருவது ஏறக்குறைய 14ஆம் நாள். கரு கர்ப்பப்பையில் ஒட்டுவது அதற்கும் ஒரு கிழமை போலப் பிந்தி. குளிசையோ இரண்டு நாளைக்கு ஒரு தடவை உடம்பில் பாதியாகக் குறைந்துகொண்டே போகும். பிள்ளை வந்து சேரும்போது மருந்து கிட்டத்தட்டப் போய்விட்டிருக்கும். "கர்ப்பிணிகள் பாவிக்கக் கூடாது" என்பது தரித்த பிறகு குடிப்பதைப் பற்றியது. அதனால்தான் ஒவ்வொரு முறையும் தொடங்க முதல் வயிற்றில் ஒன்றும் இல்லை என்று நிச்சயப்படுத்தச் சொல்கிறார்கள்.

இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. 2005 இல் கனடாவில் ஒரு சிறிய ஆய்வு, இந்த மருந்தால் பிறந்த பிள்ளைகளுக்குக் குறைபாடு கூடுதல் என்றது. அடுத்த வருசமே அங்கேயே 911 பிள்ளைகளைப் பார்த்தார்கள். அப்படி இல்லை என்று தெரிந்தது. இந்தியா 2011 இல் குழந்தைப்பேற்றுக்கு இதைத் தடை செய்து, பிறகு தடையை எடுத்தது. 2014 இல் அமெரிக்காவில் பீ.சீ.ஓ.எஸ். உள்ள 750 பெண்களில் லெட்ரோசோலையும் பழைய க்ளோமிஃபீனையும் ஒப்பிட்டார்கள். லெட்ரோசோல் எடுத்தவர்களில் 100க்கு 27 பேருக்கு மேல் பிள்ளை பெற்றார்கள், மற்றதில் 19 பேர். கரு கலைந்த வீதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

அப்போ ஏன் போனது? தெரியவரும் கர்ப்பங்களில் 100க்கு 10 முதல் 20 வரை தானாகக் கலைகின்றன, ஒரு குளிசையும் போடாதவர்களுக்கும்தான். ஆரம்ப மாதங்களில் போவதில் பாதியளவுக்கு நிறமூர்த்த எண்ணிக்கை பிழைத்ததுதான் காரணம். நான் போர்டில் கீறுகிற அதே 46 தான், 47 ஆகவோ 45 ஆகவோ வந்துவிடுகிறது. வயது கூடக் கூட அது கூடும். இன்னொன்று, சிகிச்சை எடுக்கிற நாங்கள் நாள் தள்ளிய அன்றைக்கே டெஸ்ட் பண்ணிவிடுகிறோம். மற்றவர்களுக்கு "இந்த மாதம் பிந்தி வந்தது" என்று கடந்து போவது எங்களுக்கு இழப்பாகிவிடுகிறது.

ஆஸ்பத்திரிக் கார்டில் "அபோர்ஷன்" என்று எழுதியிருப்பதைப் பார்த்தும் வீடுகளில் சண்டை வந்திருக்கிறது. தானாகக் கலைந்தாலும் டாக்டர்மார் அந்தச் சொல்லைத்தான் எழுதுவார்கள்.

என் பயம் வேறு இடத்தில். ராத்தாவுக்குக் கொடுத்த குளிசையில் மிச்சத்தைத் தங்கச்சிக்குக் கொடுக்கிறோம். ஃபார்மசியில் பெயர் சொல்லி க்ளோமிஃபீன் வாங்கி, ஸ்கேன் ஒன்றும் இல்லாமல் போடுகிறோம். அதில் 100 கர்ப்பத்தில் ஏழெட்டு இரட்டையாக வரும். எல்லாவற்றிலும் மோசமானது, ஒரு இழப்புக்குப் பிறகு "இங்கிலிஷ் மருந்தே வேண்டாம்" என்று தைரொயிட் குளிசையையும் சீனிக் குளிசையையும் சேர்த்து நிறுத்துவது. கருவைக் காப்பாற்றுவதே அவைதான். சீனியும் தைரொயிடும் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால்தான் கலையும் ஆபத்து கூடும். நிறுத்துவதோ மாற்றுவதோ டாக்டரிடம் கேட்டுத்தான்.

ஆண்களுக்கு நான் சொன்ன பங்கு இதுதான். மூன்று வருசம் மனைவி மட்டும் குளிசை விழுங்குகிறா, மாப்பிள்ளை ஒரு விந்துப் பரிசோதனைக்குக் கூடப் போகவில்லை. இந்த டீச்சரின் வீட்டிலும் அதுதான் நிலைமை. "எங்கட குடும்பத்துல அப்படிக் குறை இல்ல" என்றாராம். பிள்ளை இல்லாத தம்பதிகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது. சின்னப் போத்தல் ஒன்று, ஒரு காலை நேரம், அவ்வளவுதான் வேலை.

ஸகரிய்யா நபியின் துஆவை ஓதச் சொல்லித் தந்தவர்கள் எத்தனையோ பேர். நானும் ஓதினேன், இன்னும் ஓதுகிறேன். குளிசையும் போட்டேன். இரண்டுக்கும் நடுவில் எனக்கு ஒரு சண்டையும் தெரியவில்லை. என் மகளுக்கு இப்போது இரண்டரை வயது, அல்ஹம்துலில்லாஹ். அதே குளிசை, அடுத்த வருசம். எல்லோருக்கும் அப்படி அமையும் என்று சொல்ல நான் யார்.

டீச்சருக்கு வியாழக்கிழமை கிளினிக். மாமியையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன், டாக்டரிடம் அவவே நேரில் கேட்கட்டும். நானும் போகிறேன். ஷோர்ட் லீவ் எழுதிக் கொடுத்துவிட்டேன்.