கறுப்புக் கோழிக்கு வெள்ளைக் குஞ்சு

போன வாரம் ஊரிலிருந்து பெரியம்மா போன் செய்தார். "ஏங்கண்ணு, அந்தக் கறுப்புப் பெட்டையைக் கறிக்குக் கொடுத்துரலாம்னு இருக்கேன்" என்றார்.

விஷயம் இதுதான். கறுகறு என்று ஒரு சேவல், அதே நிறத்தில் ஒரு பெட்டை. இரண்டையும் தனியாக அடைத்து, முட்டை சேர்த்து அடை வைத்ததில் 9 குஞ்சுகள். இரண்டு மாதத்தில் பார்த்தால் 7 கறுப்பு, 2 பால் வெள்ளை!

கறுப்புக் கோழிக் குஞ்சுக்குப் பொரித்த அன்று வயிறு வெளுத்துத்தான் இருக்கும். முதல் இறகுகளின் நுனியும் வெள்ளையாக வரலாம். அதெல்லாம் பின்னால் சரியாகிவிடும். ஆனால் இது முழு வெள்ளை.

"பக்கத்து வீட்டுச் சேவல் ஏதாவது..?" என்று இழுத்தேன். சேவலோடு ஒருமுறை சேர்ந்தாலே அடுத்த இரண்டு மூன்று வாரம் வரை பெட்டை கருமுட்டை இடும். பெரியம்மாவுக்கு அது தெரியும். ஒரு மாதம் அடைத்து வைத்த பிறகுதான் முட்டை எடுத்தாராம்.

அப்படியானால் பெட்டை மேல் மட்டும் பழி போடுவது நியாயமில்லை. (குஞ்சின் நிறம் மாறினால் தாயைச் சந்தேகிப்பது நம்மிடமிருந்து வந்த பழக்கம்தான்.) இறகுக்கு நிறம் கொடுக்கும் மரபணு, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என ஜோடியாக இருக்கும். அதில் ஒன்று பழுதாக இருந்தாலும், மற்றொன்று முழுக் கறுப்பைக் கொடுத்துவிடும். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. இரண்டுமே பழுதாகி வந்த குஞ்சுதான் வெள்ளை. அதாவது சேவலும் பெட்டையும் ஆளுக்கொன்று ஒளித்து வைத்திருக்கின்றன. இப்படிப்பட்ட ஜோடிக்குச் சராசரியாக நாலில் ஒன்று வெள்ளையாக வரும். கறுப்பாக வந்தவற்றிலும் மூன்றில் இரண்டு, அந்தப் பழுதைச் சுமந்துகொண்டுதான் இருக்கும்.

"அப்ப அந்த வெள்ளைக் குஞ்சுகளையாவது தள்ளிரட்டுமா?"

அதைத்தான் செய்யக் கூடாது. கூட்டத்தைச் சுத்தம் செய்யும் கருவியே அவைதான். வெள்ளைப் பெட்டை ஒளித்து வைக்க ஒன்றுமில்லை. எல்லாக் குஞ்சுக்கும் பழுதான மரபணுவைத்தான் கொடுக்கும். அதனால் சந்தேகப்படும் கறுப்புச் சேவலை அதோடு சேர்த்து அடை வையுங்கள். ஒரே ஒரு வெள்ளைக் குஞ்சு வந்தாலும் சேவலின் குட்டு உடைந்துவிடும். 8 குஞ்சும் கறுப்பாக வந்தால், பழுதுள்ள சேவல் தப்பித்திருக்கும் வாய்ப்பு 256-ல் ஒன்று. அதை நம்பி இனவிருத்திக்கு விடலாம். பெட்டைகளைச் சோதிக்க வெள்ளைச் சேவல். சோதனையில் பிறக்கும் கறுப்புக் குஞ்சுகள் எல்லாமே பழுதைச் சுமப்பவை. அவற்றை வளர்க்கலாம், விற்கலாம். இனவிருத்திக்கு மட்டும் வேண்டாம்.

வெள்ளை லெகார்னை வாங்கி வந்து இந்தச் சோதனையைச் செய்துவிடாதீர்கள். அந்த வெள்ளை வேறு ரகம். அதன் மரபணு ஒன்று இருந்தாலே கறுப்பை மறைத்துவிடும். குஞ்சுகள் பெரும்பாலும் அங்கங்கே கறுப்புப் புள்ளியோடு வெள்ளையாக வரும். சேவலைப் பற்றி ஒன்றும் தெரியாது.

எந்தச் சோதனைக்கும் மசியாத நிறமும் உண்டு. ஸ்பெயின் நாட்டு அண்டலூசியன் கோழியின் நீலச் சாம்பல் நிறம் அப்படி. நீலத்தோடு நீலம் சேர்த்தால் பாதிதான் நீலம். கால்வாசி கறுப்பு, மீதி வெளிறிய உடலில் திட்டுத் திட்டாக வரும். நூறு வருஷத்துக்கு முன்பே விஞ்ஞானிகள் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள்: ஒரு மரபணு கறுப்பு, ஒன்று வெளிறல் என்று கலந்து வந்தால்தான் அந்த நீலம்.

பெரியம்மாவுக்கு அந்தக் கவலை இல்லை. கறுப்புச் சேவல் குஞ்சுகளில் மூன்றை நிறுத்திக்கொண்டார். வெள்ளைக் குஞ்சுகளில் ஒன்று பெட்டை. அது முட்டையிட இன்னும் நாலு மாதமாவது ஆகும். தாய்க்கோழி இப்போதைக்குப் பிழைத்தது. "அந்தச் சேவலை என்ன பண்றது?" என்று மட்டும் நேற்று கேட்டார். தீபாவளி வருகிறதே என்றேன்.