பாலையிலே பசும்புற்றரை

குளிர்காலம் வந்ததும் கோல்ப் மட்டைகளைச் சுமந்துகொண்டு ஐரோப்பியர் பலர் நாடிச் செல்லும் இடங்களுள் ஒன்று மொறொக்கோ நாட்டின் மராக்கேஷ் நகரமாகும். பனி மூடிய அத்லஸ் மலைகளைக் கண்டவாறே பேரீச்ச மரங்களின் நடுவே காலையில் பந்தாடலாம். மாலையில் ஜெமா எல் ஃப்னா சதுக்கத்திலே கதை சொல்வோரையும் பாம்பாட்டிகளையும் கண்டு களிக்கலாம். இதனினும் இனிய விடுமுறை வேறு உண்டோ?

ஆயினும், நேயர்களே, ஒரு கேள்வி எழுகின்றதன்றோ? ஆண்டொன்றுக்குச் சுமார் 250 மில்லிமீற்றர் மழையே காணும் அவ்வறண்ட மண்ணிலே இத்துணைப் புல் எங்ஙனம் தழைக்கின்றது?

மராக்கேஷ் 11ஆம் நூற்றாண்டில் அல்மொராவிட் வமிசத்தாரால் நிறுவப்பட்டது. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில், அலி இப்னு யூசுப் மன்னர் காலத்தில், 'கெத்தாரா' எனப்படும் சுரங்கக் கால்வாய்கள் அங்கே வெட்டப்பட்டன. நிலத்தடி ஊற்றுநீர் மென்சரிவான சுரங்கத்தின் வழியே தானாகவே ஓடிவந்து வீடுகளையும் தோப்புகளையும் அடைந்தது. நிலம் ஊறித் தந்ததற்கு மேல் ஒரு துளியேனும் எடுக்கவியலாது என்பதே அம்முறையின் சிறப்பாகும். 20ஆம் நூற்றாண்டில் நீரிறைக்கும் இயந்திரங்கள் வந்தன. ஊற வல்லதினும் அதிகமாய் நீர் இறைக்கப்பட்டது, நீர்மட்டம் தாழ்ந்தது, கெத்தாராக்களிற் பெரும்பாலானவை வற்றிப் போயின.

1920களில் பாஷா தாமி எல் கிளாவி அந்நகரின் முதலாவது கோல்ப் மைதானத்தை அமைத்தார். இன்றோ அங்கு பத்துக்கும் மேற்பட்ட மைதானங்கள் உள. உல்லாசப் பிரயாணிகளால் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிழைக்கின்றன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் தொடர்ந்து வந்த வறட்சியின் விளைவாக, 2024இல் அந்நாட்டின் பல நகரங்களிற் பொதுக் குளிப்பகங்கள் வாரத்தில் மூன்று நாட்கள் மூடப்பட்டன. ஏழை மக்கள் குளிக்கும் நாட்களை எண்ண வேண்டியிருக்கையில், புல் மட்டும் நாள்தோறும் நீராடுதல் முறையாகுமா?

இதற்கு மராக்கேஷ் நகரம் ஒரு வழி கண்டுள்ளது. நகரத்தின் கழிவுநீரைச் சுத்திகரித்து மைதானங்களுக்கும் பேரீச்சந் தோப்புக்கும் பாய்ச்சுகின்றனர். குடிக்கும் நீரைக் குடிப்போர்க்கு விட்டு, கழித்த நீரைப் புல்லுக்கு ஈவது அறிவுடைமையன்றோ!

விடுமுறைக்கு இடந் தேடுவோர் விடுதியின் வாடகையை விசாரிக்கும்போதே, 'உங்கள் புல்லுக்கு நீர் எங்கிருந்து வருகின்றது?' என்றும் வினவுவார்களாக. விருந்தினர் பலர் வினவுமிடத்து விடுதிக்காரரும் விடை தேடுவர். விருந்துண்ண வந்தவர் வீட்டாரின் குடத்தைக் காலி செய்துவிட்டுச் செல்வது எந்நாட்டிலும் பண்பன்று.